படத்தை நம்பாத படக்காரர்

போட்டோ எடுக்கிறவர்கள் யாரையும் எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையில் பயிர் சாய்ந்தால் வருவார்கள். வரப்பில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நிற்பார்கள். "அந்தக் கதிரைத் தூக்கிப் புடிம்மா, மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வெச்சிக்கோ" என்பார்கள். அந்த நேரத்தில் மூஞ்சி வேறு எப்படி இருக்கும்? எடுத்துக்கொண்டு போவார்கள். அதோடு சரி. என் மூஞ்சி எத்தனை ஃபைலில் கிடக்கிறதோ தெரியாது. அதனால் எனக்கு ஒன்றும் வந்து சேர்ந்ததில்லை.

அதனால்தான் எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில், "ட்ரோன் வெச்சி மேல பறக்கவுட்டுப் படம் எடுக்க ஒருத்தர் வராரு, நோவு நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே படத்துல தெரிஞ்சிடும்" என்று குழுத் தலைவர் சொன்னபோது நான்தான் முதலில் எழுந்தேன்.

"கீழ நின்னு எடுத்தவனே ஒண்ணும் கிழிக்கல. மேல பறந்து எடுக்கறவன் இன்னா கிழிக்கப் போறான்?"

பால் சொசைட்டி கட்டடம் முழுக்கச் சிரித்தது. பின்னால் பால் கேன்களுக்குப் பக்கத்தில் முன்வழுக்கை விழுந்த ஓர் ஆள், மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். அவர்தான் அந்த ஆள் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ட்ரோன்காரர். அவ்வளவுதான்.

ஓரிக்கைப் பக்கம் அவருக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. இருபது வருஷமாகக் கல்யாணப் படம், காதுகுத்துப் படம். ட்ரோனையும் முதலில் கல்யாணத்துக்காகத்தான் வாங்கியிருக்கிறார். பிறகு எங்கேயோ பயிற்சி எடுத்து, வேறு கேமரா பொருத்திய மெஷினோடு குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். பயிரைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நாத்துன்னா எது, பயிர்ன்னா எது?" என்பது. நாற்றங்காலைக் காட்டினேன், வயலைக் காட்டினேன். அவர் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. மெஷின் படம் எடுத்ததும் கையிலிருக்கும் டேப்லெட்டில் வயல் முழுவதும் கலர் கலராக வரும். நல்ல பயிர் பச்சை. கொஞ்சம் சந்தேகம் என்றால் மஞ்சள். மோசம் என்றால் சிவப்பு. வேறு யாராக இருந்தாலும் அதைக் காட்டிவிட்டு, மருந்து பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, நிழலில் போய் நின்றிருப்பார்கள். இவர் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். சிவப்பாகத் தெரிந்த ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து போய், குனிந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுதுவார்.

"இன்னா தம்பி, அதான் படத்துல செவப்பாக் காட்டுதே, அப்புறம் இன்னாத்துக்கு எறங்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செவப்புன்னா நோவுன்னு அர்த்தம் இல்லக்கா. செவப்புன்னா அங்க போயி பாருன்னு அர்த்தம்."

"அப்பறம் மெஷினு எதுக்கு?"

"நாப்பது ஏக்கர்ல எங்க போயி பாக்கறதுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான்."

இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷின் இவரைச் சேற்றில் இறக்கிவிடுவதற்குத்தானா என்று நினைத்தேன்.

ஒருமுறை ஏரிக்கரையை ஒட்டிய வயலில் வட்டமாக ஒரு சிவப்பு விழுந்தது. தட்டு வைத்து வரைந்த மாதிரி வட்டம். புகையான் பூச்சி விழுந்தால் இப்படித்தான் வட்டம் வட்டமாகக் காயும் என்று எல்லோருக்கும் தெரியும். வயல்காரர் அலறிக்கொண்டு மருந்துக் கடைக்கு வண்டியை எடுத்துவிட்டார். ட்ரோன்காரர், "அண்ணே, ஒரு அரைமணி இருங்க" என்று வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அரைமணி நேரம் கழித்து வந்தார். நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'எருமை' என்று ஒரே வார்த்தை.

எருமை ஒன்று வயலில் இறங்கிப் படுத்துப் புரண்டிருக்கிறது. அவ்வளவுதான் நோய். கரையிலிருந்த எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "யார் வூட்டு எருமை?" என்று கேட்டார். எதற்கு என்றால், அது ஒரே எருமையா, இல்லை வேறு இடத்திலும் படுத்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். அந்த எருமையின் சொந்தக்காரர் அடுத்த ஒரு வாரம் அவரைக் கண்டாலே வேறு வழியாகப் போனார்.

இன்னொரு பழக்கம். மெஷினைப் பறக்கவிடும் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரத் தட்டைத் தரையில் வைப்பார். மெஷினைத் தூக்கி அந்தத் தட்டை அதற்குக் காட்டுவார். இறக்கிய பிறகும் ஒருமுறை காட்டுவார். எங்கள் ஊரில் இதற்குத் தீபாராதனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ட்ரோன்காரே, கற்பூரம் ஏத்தலியா?" என்று நடவு நடும் பெண்கள் கத்துவார்கள். "தேங்கா ஒடச்சாச்சா?" என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். வரப்பில் உட்கார்ந்து விளக்கம் சொல்லுவார். காலை வெயில் ஒரு மாதிரி, மேகம் போட்டால் ஒரு மாதிரி. இன்றைய வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிந்தால்தான் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அந்தத் தட்டின் நிறம் மாறாது. அதை வைத்து மெஷின் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

"கல்யாண மேடையில லைட்டு மாறுனா பொண்ணோட பொடவையே வேற கலரா வுழும்க்கா. பொண்ணு வூட்டுக்காரன் சண்டைக்கு வருவான், நாங்க எடுத்தது மாம்பழக் கலரு, நீ பூசணிக் கலரு போட்டுக்கீறன்னு. அப்போ கத்துக்கினது."

கண்ணுக்குத் தெரியாத நோய் கேமராவுக்கு எப்படித் தெரியும் என்று நான் விடாமல் கேட்டபோது, "உங்க வூட்ல டிவி ரிமோட் கீதா?" என்றார். எடுத்து வந்தேன். ரிமோட்டின் முனையைப் பார்க்கச் சொல்லி பட்டனை அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் போனின் முன்பக்கக் கேமராவில் அதே முனையைக் காட்டி அழுத்தினார். சின்னதாக ஒரு வெளிச்சம் மின்னியது. வெறுங்கண்ணால் பார்த்தால் இல்லை. போனில் பார்த்தால் இருக்கிறது.

"நம்ம கண்ணு புடிக்காத வெளிச்சம்க்கா இது. நல்லா கீற எல இந்த மாதிரி வெளிச்சத்த நெறைய திருப்பி அனுப்பும். ஒடம்பு சரியில்லாத எல கம்மியா அனுப்பும். நம்ம கண்ணுக்கு அது மஞ்சளாவறதுக்கு முன்னாடியே அந்தக் கேமராவுக்குத் தெரிஞ்சிடும்."

ஒரகடத்தில் கம்பெனி செக்யூரிட்டி வேலை முடிந்து சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கிய என் வீட்டுக்காரரிடம் இதைச் செய்து காட்டினேன். அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வெகுநேரம் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா கையில வெச்சிக்கினு கீறோம், பாரேன்" என்றார். நானும்தான் அப்படி நினைத்தேன். ஆனால் வெளியே சொல்லவில்லை.

நோய் என்ன என்று கேட்டால் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால், "தெரியாதுங்க, நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்பார். இப்படிச் சொன்ன ஒரு ஆளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மருந்துக் கடைக்காரர்கூட இலையை வாங்கிப் பார்க்காமலே மூன்று பாட்டிலை எடுத்து வைப்பார். ஊரில் பலருக்கு இவர் மேல் நம்பிக்கை போனதே இதனால்தான். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குடா ட்ரோன்?" என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் பேசினேன்.

அந்தச் சம்பாவில்தான் என் வயல் விவகாரம் வந்தது.

எனக்கு இரண்டு ஏக்கர். என் வயலுக்கு மேல்வயல் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஒருவருடையது. அவர் பயிர் பண்ணுவதில்லை. அந்த வருஷம்தான் முதல் முறையாக ஏழுமலைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஏழுமலை காலனியைச் சேர்ந்தவர். அந்த வயலில் அவருடைய அப்பா கூலிக்கு வரப்பைச் செதுக்கி அண்டை கழித்தார், அவர் மனைவி கூலிக்கு நட்டார், அவர் கூலிக்கு அறுத்தார். தனக்கென்று அவர் அதில் இறங்கியது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கம் வாய்க்காலிலிருந்து மேல்வயலுக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து மடை வழியாகத்தான் என் வயலுக்கு இறங்கும். அவர் வயலில் நிற்கிற தண்ணீர்தான் என் வயலுக்கும்.

அவர் கோழிப்பண்ணைக் குப்பையை வாங்கி வந்து வயலில் போட்டார். நாற்றம் தாங்கவில்லை. அன்றையிலிருந்தே நான் கத்திக்கொண்டிருந்தேன். "அவன் தண்ணிதான் எனுக்கு வருது, எதையாவது கொண்டாந்து என் பயிர்ல வுடப் போறான்" என்று பார்க்கிற எல்லோரிடமும் சொன்னேன். அவன் என்றுதான் சொன்னேன். அவர் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். எங்கள் தெருவில் யாரும் அவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ட்ரோன்காரர் அவரை 'அண்ணே' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

நட்டு ஒரு மாதம் இருக்கும். கரையிலிருந்து பார்த்தால் என் வயல் முழுக்கப் பச்சைதான். சில இலைகளில் நுனி லேசாக வெளுத்த மாதிரி இருந்தது. பனி என்று நினைத்தேன். ட்ரோன்காரர் மெஷினைப் பறக்கவிட்டு இறக்கினார். டேப்லெட்டில் படம் வந்தது. என் வயலில், ஏழுமலை வயலை ஒட்டிய வரப்போரமாக நீளச் சிவப்பு. ஒரு முழுப் பட்டை.

"பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா!" என்று கத்தினேன். "அவன் தண்ணி! அவன் வரப்பு ஓரமா பாரு எப்பிடி ஏறிக்கினு வருது!"

"அக்கா, இருங்க. நான் இன்னும் எறங்கிப் பாக்கல."

"நீ எறங்கு, ஏறு. எனுக்குத் தெரிஞ்சிபோச்சி."

அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, வரப்பில் வைத்திருந்த டேப்லெட்டின் திரையை என் போனில் படம் எடுத்தேன். காஞ்சிபுரத்தில் இருக்கும் மேல்வயல்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். 'உங்க குத்தகைக்காரன் தண்ணியால என் பயிர் போச்சி. ட்ரோன் படமே சொல்லுது' என்று குரலிலும் பேசி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே போன் செய்தார். வேறு ஒருவர் அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், இந்தச் சம்பா அறுத்ததும் ஏழுமலையை எழுப்பிவிட்டு நிலத்தை அவருக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். எனக்குத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நல்லா வேணும் என்று இருந்தது.

ட்ரோன்காரர் என் வயலில் ஒரு மணி நேரம் இருந்தார். பிறகு ஏழுமலை வயலில் ஏறி இன்னொரு மணி நேரம் இருந்தார். மடை வாயில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையும் பயிரையும் பார்த்தார். காலை நாஷ்டா நேரத்துக்கு இறங்கியவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கரையேறினார். இரண்டு கையிலும் தனித்தனியாக இலைக்கட்டு.

"அக்கா, ஒரு விசயம் ஒதைக்குது."

"இன்னா ஒதைக்குது?"

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். "தண்ணியில வந்துருந்தா மடை வாயிலதான மொதல்ல புடிக்கணும்? அங்கேருந்து விசிறி மாதிரி விரிஞ்சிக்கினு போவணும். மடை வாயில பாருங்க, பச்சை. இந்தப் பட்டை மடைக்கு அந்தாண்ட ஆரம்பிக்குது. அப்புறம் இந்த ஓரத்தப் பாருங்க. ஸ்கேல் வெச்சி கோடு போட்ட மாதிரி கீது. நோவு இப்பிடி நேராப் போவாதுக்கா. நேரா கோடு போடறது மனுசன்தான்."

"இன்னா சொல்ற நீ?"

"எனுக்குத் தெரியாது. அதான் கேக்கறேன். இந்தக் கோட்டுக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் நீங்க இன்னா வேற மாதிரி பண்ணீங்க?"

ஒன்றும் வேறு மாதிரி பண்ணவில்லை என்றேன். அதே விதை, அதே நாற்றங்கால், அதே உரம். அவர் நோட்டை மூடவில்லை. "ஒரே நாள்ல நட்டீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு நடவு நாள் ஞாபகம் வந்தது.

ஒரே நாளில் நடவில்லை. முதல் நாள் நடவுக்கு வந்த பெண்கள், ஊரில் ஒரு கல்யாணம் என்று பாதி மதியத்தில் கிளம்பிவிட்டார்கள். மடையைத் தாண்டி மேல்வரப்பை ஒட்டிய பட்டை மட்டும் நடாமல் நிற்க, மிச்ச நாற்று நாற்றங்காலிலேயே கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் திரும்பி வர எட்டு நாள் ஆனது. அதற்குள் நாற்று வளர்ந்து தலை சாய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம் நாற்று வளர்ந்துவிட்டால் நுனியை அறுத்துவிட்டு நடுவோம். அப்போதுதான் சாயாமல் நிற்கும். குருத்துப்பூச்சி முட்டையும் நுனியோடு போய்விடும் என்பார்கள். நான்தான் உட்கார்ந்து, கட்டுக் கட்டாக, ஒரே அரிவாளால் எல்லா நுனியையும் அறுத்தேன்.

இதைச் சொன்னேன். அவர், "அறுத்தா இன்னா ஆவும்?" என்று என்னையே கேட்டார். எனக்கு எரிந்தது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. குழுவில் வேளாண்மை படித்த ஒரு மேடம் உண்டு. அவருக்குப் போன் போட்டு, போனை எனக்கும் கேட்கும்படி வைத்தார். மேடம் கேட்டுவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இலையின் வெளுத்த பாகத்துக்குப் பக்கத்தில் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் முழுகும்படி பிடிக்கச் சொன்னார்.

டம்ளரை வெயிலுக்கு நேராகப் பிடித்தவள் நான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டின இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு நூல் இறங்கியது. பால் கலந்த மாதிரி, புகை கீழே இறங்குகிற மாதிரி. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் பயிர் வைத்திருக்கிறேன், இலைக்குள்ளிருந்து நோய் வெளியே நடந்து வருவதை அன்றுதான் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, இன்னொரு இலையை வெட்டிப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

ட்ரோன்காரர் தண்ணீரை மாற்றி, ஏழுமலை வயலின் இலையை வெட்டிப் பிடித்தார். ஒன்றும் இறங்கவில்லை. இன்னொன்று. ஒன்றும் இல்லை. ஐந்து இலை பார்த்தார். ஐந்திலும் வெறும் தண்ணீர்.

இலைக்கருகல் என்றார் மேடம். பாக்டீரியா. காயம்பட்ட இலை வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகும். ஒரு நாற்றுக்கட்டில் கொஞ்சம் இருந்திருந்தால் போதும், அரிவாள் மற்ற கட்டுகளுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கும். யூரியாவை நிறுத்து, வயல் தண்ணீரை வடி, அதுவும் கீழ்வயலில் போய் விழாமல் தனியாக வடி, பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டி அடி, நோய் இன்னும் அந்தப் பட்டையோடு நிற்கிறது, சீக்கிரமே பார்த்தாயிற்று, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். போனை வைத்தார்.

ஏழுமலையின் தண்ணீரால் எனக்கு ஒன்றும் வரவில்லை. என் தண்ணீரால்தான் கீழ்வயலுக்கு வரும்.

மேல்வயல்காரருக்குப் படம் அனுப்பியதை ட்ரோன்காரரிடம் சொன்னேன். அடுத்து நான் கேட்டது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "தம்பி, கல்யாணப் படத்துல எல்லாம் கலரு மாத்துவீங்களே. இதுல அந்த மடை வாயில கொஞ்சம் செவப்பு போட முடியாதா? ஞாயித்துக்கெழம வரிக்கும் போதும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார்.

"கலரு கம்மியான பொண்ண வெள்ளையாக்கறதுதான்க்கா இருபது வருசமா என் பொழப்பு. படம் எவ்ளோ பொய் சொல்லும்னு எனுக்குத் தெரியாதா? ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பா சண்ட போட்டுக்கினு போயிட்டாரு. ஆல்பத்துல அவரு மூஞ்சே இருக்கக் கூடாதுன்னாங்க. எல்லாத்துலயும் அழிச்சேன். அவரு நின்ன எடத்துல தூணு வெச்சேன், பூந்தொட்டி வெச்சேன். ரொம்ப நல்லா வந்துச்சின்னு எனுக்கே பெரும. நாலு வருசம் கழிச்சி அந்தப் பொண்ணு வந்து நிக்குது. சித்தப்பா செத்துட்டாராம். மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேணுமாம். வூட்ல எதுலயும் அவரு இல்ல. எங்கிட்டயும் இல்ல. பழசை நான் வெச்சிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு ஆல்பத்துல கீற பூந்தொட்டிய கையால தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சி."

மெஷினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "மேல்வயக்காரரு கேட்டா, நான் பாத்ததை சொல்லுவேன். ஆனா நானாப் போயி சொல்ல மாட்டேன். படம் என்னுது. வாட்ஸப் உங்குளுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். படத்தைக் காட்டினோமா, போனோமா என்று இருந்திருந்தால் என்ன? யார் இவரைச் சேற்றில் இறங்கச் சொன்னது? யூரியாவை நிறுத்தினேன். பட்டையோரமாக ஒரு வடிகால் வெட்டித் தண்ணீரை ஓடைப் பக்கம் வடித்தேன். கீழ்மடையை என் கையாலேயே மண் போட்டு அடைத்தேன். சாணக் கரைசல் அடித்தேன். அடிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. மேல்வயலில் பயிர் பண்ணுகிறவர் என் சொந்தக்காரராக இருந்திருந்தால் நான் அந்தப் படத்தை அனுப்பியிருப்பேனா? இதை ட்ரோன்காரர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நானே கேட்டுக்கொண்டதால் கத்த முடியவில்லை. அனுப்பியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல்வயல்காரர் காரில் வந்தார். நிலத்தைக் கேட்டவரும் கூடவே வந்து இறங்கினார். இறங்கியதுமே வரப்பில் நின்று எங்கே போர்வெல் போடலாம் என்று கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஏழுமலையும் அவர் மனைவியும் மடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் களையெடுத்த புல் இருந்தது. கீழே போடாமல் அப்படியே வைத்திருந்தார்.

"எதும்மா நோவு புடிச்ச எடம்?" என்றார் மேல்வயல்காரர்.

"இதான் சார். ஆனா அது அவரு தண்ணியால வரல. நான் நாத்து நுனிய அறுத்து நட்டதால வந்துச்சி."

"நீதானம்மா போட்டோ அனுப்ன?"

"நான்தான் அனுப்னேன். தப்பா அனுப்பிட்டேன்."

"இன்னா வெளையாட்றியா? பெட்ரோல் போட்டுக்கினு இவரையும் இட்டுக்கினு வந்துகீறேன்."

"திட்டறதுன்னா என்ன திட்டுங்க சார். அவரு பயிரப் பாருங்க. என்னுதவிட நல்லா கீது."

என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் 'தப்பு' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் லேசாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. காது இரண்டும் கொதித்தது.

நிலத்தைக் கேட்டவர் இங்கே தகராறு இருக்கும்போல என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார். மேல்வயல்காரர் ஏழுமலையைப் பார்த்து, "சரி வுடு, இந்தப் போகம் இல்லாம அடுத்த போகமும் நீயே பாரு" என்றார். பிச்சை போடுகிற மாதிரி சொன்னார்.

ஏழுமலை நகரவில்லை. "ஒரு போகம், ரெண்டு போகம்னு வோணாம் சார். யாரோ ஒரு படம் அனுப்னா நான் எழுந்து போவணும்னா என்னால மண்ணுக்கு எரு போட முடியாது. மூணு வருசத்துக்கு எயுதிக் குடுங்க. இல்லன்னா இந்தச் சம்பா அறுத்ததும் நானே வுட்டுட்றேன்."

அவர் குரல் உயரவில்லை. மேல்வயல்காரர் காரைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார். பயிர் நிஜமாகவே நன்றாக இருந்தது. கோழிக்குப்பை வேலை செய்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். ஒரு வாரம் கழித்து, மூன்று இல்லை, இரண்டு வருஷம் என்று பத்திரத்தோடு வந்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஏழுமலை நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க ஒரு கையெயுத்துப் போடணும்."

"நானா?"

"நீங்கதான். நாளைக்கு மறுபடி எதுனா படம் அனுப்பணும்னு தோணுச்சின்னா, இதுல உங்க கையெயுத்தும் கீதுன்னு ஞாபகம் வரட்டும்."

சிரிக்காமல் சொன்னார். மடையோரம் வைத்தே போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது சாட்சிக்கு, அன்று வயலில் தட்டைக் காட்டிக்கொண்டிருந்த ட்ரோன்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்திரத்தை வாங்கினார். ஒருமுறை படித்தார். திருப்பி இன்னொருமுறை படித்தார். மேல்வயல்காரர் பேனாவை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"இதுல நாலு எல்ல போட்டுக்கீதே சார். கெழக்கால ஓட, வடக்கால வாய்க்கான்னு. நான் ஒருவாட்டி நடந்து பாத்துட்டு வந்துட்றேன்."

"யோவ், அது எங்க தாத்தா காலத்து எல்லய்யா!"

"கோச்சிக்காதீங்க சார். பத்து நிமிசம்."

பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, வடக்கு வரப்பில் ஏறி நடக்க ஆரம்பித்தார். நல்ல வெயில். மேல்வயல்காரர் கார் ஹாரனை அடித்துப் பார்த்தார். அவர் திரும்பக்கூட இல்லை. மூலைக்கு மூலை நின்று, பத்திரத்தைப் பார்த்து, ஓடையைப் பார்த்து, குனிந்து எல்லைக்கல்லின் மேலிருந்த புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டு போனார்.

நானும் ஏழுமலையும் மடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். ரொம்ப நேரம் நின்றோம்.

"இன்னாம்மா," என்றார் ஏழுமலை, ட்ரோன்காரரையே பார்த்துக்கொண்டு. "இந்த ஆளு எப்பவும் இப்பிடித்தானா?"

"எப்பவும் இப்பிடித்தான்" என்றேன்.